அஸீமா பார்க்காமல் விட்ட எழுத்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கொக்கட்டிச்சோலையில் மாடு மேய்த்தேன். மண்முனைத்துறையில் பாலம் வருவதற்கு முன் நெல் மூட்டை சுமந்தேன். பிறகு உழவு இயந்திரம், அதற்குப் பிறகு அரிசி ஆலை. இன்றைக்கு மட்டக்களப்புப் பட்டினத்தில் மேல்மாடியில் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், வைத்து, பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். வினாயகமூர்த்தி முதலாளி என்று கேட்டால் பஸ் நிலையத்தில் நிற்கிறவனும் கை காட்டுவான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, உழைத்தவன் சொல்லலாம்.

ஆனால் இங்கே எழுதுவது என்னைப் பற்றியல்ல. என் கந்தோரில் கணினி பார்க்கும் ஏறாவூர் அஸீமாவைப் பற்றி. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டபோது, “நல்லதா மட்டும் எழுதிறண்டா வேணாம் முதலாளி. சுலக்ஷனாட விசயத்தையும் எழுதணும்” என்றாள். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

அஸீமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய உம்மா ஸைனம்பு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவர். ஒரு கட்டத்தில் கடிதமும் இல்லை, போனும் இல்லை. வாப்பா மகளையும் கூட்டிக்கொண்டு, உம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பிய கந்தோருக்குப் போய்க் கேட்டிருக்கிறார். மேசையில் இருந்தவன் தலையைக்கூட நிமிர்த்தாமல், “அப்பிடி ஆள் எங்கட்ட இல்ல” என்றானாம். வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அஸீமாவுக்கு அவனுடைய முகம் மறந்துபோனது, சொன்ன சொல் மறக்கவில்லை. ஸைனம்பு பிறகு சுகமாக வந்து சேர்ந்துவிட்டார், இப்போதும் ஏறாவூரில் பாய் இழைத்துக்கொண்டு இருக்கிறார். ஆனாலும் அந்தச் சொல்லுக்காகத்தான் தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாக அஸீமா சொல்வாள். ஆட்களின் விபரம் தொலைந்துபோகாமல் வைத்திருக்கிற தொழில் என்று.

என் கந்தோரின் வேலையும் அதுதான். எங்கள் பகுதியிலிருந்து வெளிநாடு போய், வயதானவர்களைப் பராமரிக்கும் பெண்களின் விபரங்களைத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். இஸ்ரேலுக்குப் போனவர்களும் அதில் நிறைய. அங்கே ஒரு நிறுவனம் இவர்களை வீடுகளில் சேர்க்கிறது. அந்த நிறுவனத்திலிருந்து எபிரேயத்தில் மின்னஞ்சல் வரும். அதில் எங்கள் பிள்ளைகளின் பெயர் இருக்காது. வீட்டுக்காரரின் பெயரும் தெருவும்தான் இருக்கும். இன்ன தெருவில் இன்ன அம்மா காலமாகிவிட்டார், அவரைப் பார்த்த பெண் உங்களுடையவரா, அடுத்த வீடு இருக்கிறது, உடனே பதில் எழுதுங்கள் என்று எப்போதும் ஒரே வாசகத்தில் கேட்பார்கள். நாங்கள் அந்தப் பெயரைத் தேடி, ஓம் அல்லது இல்லை என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஓம் என்றால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வீடு. குறித்த காலத்துக்குள் வேறு வீடு சேராவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அஸீமாவை வேலைக்கு எடுத்த நாளில் நான் கேட்ட முதற் கேள்வி, “எபிரேயம் வாசிப்பியா புள்ள?”

“இல்ல முதலாளி. அரபுதான் ஓதியிரிக்கன்.”

“அதுவும் வலப்பக்கத்தால வருது, இதுவும் வலப்பக்கத்தால வருது. என்ன பெரிய வித்தியாசம்?”

“தமிழும் இங்கிலீசும் இடப்பக்கத்தாலதான் போகுது. அதுக்காக உங்களுக்கு இங்கிலீசு வருமா முதலாளி?”

கந்தோரில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு முகத்துக்கு நேரே பேசுகிறவர்களைப் பிடிக்கும். அந்த இடத்திலேயே வேலை கொடுத்தேன். அவளும் கொஞ்சக் காலத்தில் எபிரேய எழுத்துகளைப் படித்துக்கொண்டாள். பொருள் தெரியாது, பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அதோடு ஒரு வசதியும் செய்து வைத்தாள். மின்னஞ்சலை அப்படியே கணினியில் ஒட்டினால், அது எழுத்துகள் சேர்ந்திருக்கும் இடங்களைச் சொல் சொல்லாகப் பிரித்தெடுத்து, எங்கள் பதிவுகளோடு ஒத்துப் பார்த்து, எங்களில் இன்ன பிள்ளை வேலை பார்க்கும் வீடு இது என்று காட்டும்.

இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கலியாண வீட்டில் சொன்னேன், களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் சொன்னேன். ஏறாவூர்ச் சந்தையில் மாட்டிறைச்சிக் கடைக்காரனிடமும் சொன்னேன். “உங்கட ஊர்ப் புள்ளதான், என்ட கந்தோர்ல யூதர்ர எழுத்த தண்ணி மாதிரி வாசிக்கிது” என்று. அவளைப் பெருமைப்படுத்துகிறேன் என்பதுதான் என் நினைப்பு. அவளைக் கொண்டு என்னைப் பெருமைப்படுத்தினேன் என்பது பிறகுதான் விளங்கியது.

பிறகு இஸ்ரேல் பக்கம் சண்டை தொடங்கியது. ஏறாவூரில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி, குண்டில் சாகிற முஸ்லிம் சனத்தைப் பார்த்து எல்லாக் கண்ணிலும் தண்ணீர். அஸீமாவை வீதியில் கண்டவர்கள், “என்ன லாத்தா, இன்னமும் அவங்கட கடுதாசியா வாசிக்கிறீங்க?” என்று கேட்டார்களாம். அவள் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“முதலாளி, இந்த எபிரேய வேலைய வேற ஆருக்கும் குடுங்களன். நான் மற்ற நாட்டு வேலையெல்லாம் செய்யிறன்.”

“எழுத்து என்ன பாவம் புள்ள செஞ்சது?” என்று சொல்லிச் சிரித்தேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கே நினைப்பு. அவள் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் பழைய கணினி படுத்துவிட்டது. நான் கொழும்புக்குப் போய் ஆகத் திறமானதைப் பார்த்து வாங்கி வந்தேன். அஸீமா அதில் புதிதாகத் தரவுத்தளம் உருவாக்கி, பழையதிலிருந்த எல்லாவற்றையும் மாற்றினாள். முன்னையதைவிட வேகம். வந்தவர் போனவருக்கெல்லாம் தேடிக் காட்டி நான் பெருமை பேசினேன்.

இப்படி இருக்கையில் தன்னாமுனைச் செபஸ்தியம்மா ஒருநாள் காலை கந்தோருக்கு ஏறி வந்தார். அவருடைய மகள் சுலக்ஷனா எங்கள் மூலமாகப் போனவள், ஒரு கிழவியைப் பராமரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன், என்ட மகள் உங்கட ஆளில்லையா?”

“என்ன தங்கச்சி கதைக்கிறாய்? நான்தானே அனுப்பினன்.”

“அவள் பார்த்த கிழவி செத்துப்போச்சாம். வேற வீடு தாங்க எண்டு அங்க கேட்டதுக்கு, மட்டக்களப்புக் கந்தோர்ல கேட்டம், இப்பிடி ஆள் இல்லையெண்டு எழுதிட்டாங்க எண்டு சொல்லிட்டாங்களாம். செத்த வீட்டுக்காரர் அறைய விடச் சொல்றாங்க. புள்ள அழுகுது. நாள் போகுது அண்ணன். திரும்பி வரவோ, நிக்கவோ, எங்க போறதெண்டு தெரியாம இரிக்காள்.”

அஸீமா எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பதிலை அனுப்பியவள் அவள்தான். ‘இந்தப் பெயரில் எங்களிடம் எவரும் இல்லை.’ ஒரு வரி.

“இரிங்க உம்மா” என்று செபஸ்தியம்மாவுக்குக் கதிரை போட்டுவிட்டு, சுலக்ஷனாவின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தாள். உடனே வந்தது. படம், கடவுச்சீட்டு, வீட்டுக்காரக் கிழவியின் பெயர் எபிரேயத்தில். பிறகு அந்த மின்னஞ்சலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். கணினியைத் தேடச் சொன்னாள். ஒன்றுமில்லை என்று காட்டியது.

“ரெண்டும் ஒண்டுதான் முதலாளி. என்ட கண்ணுக்குத் தெரியிது. இதுக்குத் தெரியல்ல.”

முதல் வேலையாக அங்கே ஆங்கிலத்தில் எழுதினாள்: பிழை எங்களுடையது, இந்தப் பெண் எங்களுடையவள், தயவு செய்து வீடு கொடுங்கள் என்று. சற்றைக்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. பேசி வைத்திருந்த வீட்டுக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள், இன்னொன்று கிடைக்கிறதா என்று பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்று.

“கிடைக்கும்தானே?” என்று செபஸ்தியம்மா என்னைக் கேட்டார். எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். அன்றைக்கு, “பாப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பின், அஸீமா கணினிக்கு முன்னால் இருந்து எழும்பவில்லை. ஒரு பதிலில் பிழை என்றால் மற்றப் பதில்களிலும் பிழை இருக்கலாம். எத்தனை பிள்ளைகள் அங்கே இப்படி நிற்கிறார்களோ என்ற பயம் அவளுக்கு.

முதலில் அவள் எழுத்தின் திசையில்தான் பிழை என்று பிடிவாதமாக நின்றாள். குர்ஆன் ஓதிப் பழகிய கண் அல்லவா. வலப்பக்கத்தால் வாசிக்கிற எழுத்து கணினிக்கு உள்ளேயும் தலைகீழாகக் கிடக்கிறது என்று நினைத்து, பெயரைத் திருப்பிப் போட்டாள், எழுத்தெழுத்தாக மாற்றி அடுக்கினாள். அந்தக் காலைப்பொழுது அதிலேயே போனது. கணினிக்குள் எழுத்துகள் வாசிக்கிற ஒழுங்கில்தான் கிடக்குமாம். திசை திரையில் காட்டும்போது மட்டும்தான். “எனக்குத் தெரிஞ்சதே எனக்கு எதிரியாப் போச்சு” என்றாள்.

பிறகு, சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுப் பெயரையும் அப்படியே கொடுத்து, இதற்குச் சரிசமமானது எது என்று கேட்டாள். சுலக்ஷனாவின் பதிவு வந்து நின்றது. எழுத்து பழுதாகவில்லை, தொலையவுமில்லை. ஆனால் ‘எழுத்துகள் சேர்ந்த சொல்லைப் பிடி’ என்று கேட்டால் மட்டும் கை விரித்தது.

“முதலாளி, இஞ்ச வாங்க” என்று கூப்பிட்டாள். ஆங்கில எழுத்தொன்றைப் போட்டு, இது எழுத்தா என்று கணினியைக் கேட்டாள். ஓம் என்றது. எபிரேயத்தின் முதல் எழுத்தைப் போட்டுக் கேட்டாள். இல்லை என்றது. சற்று யோசித்து, என் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் போட்டாள். அதற்கும் இல்லை என்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கொழும்பில போய் வாங்கின கணினி, தமிழ எழுத்தெண்டு ஒத்துக்கொள்ளாதா?”

“கணினில பிழையில்ல முதலாளி.”

அவள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். தரவுத்தளத்தை முதன்முதலில் உருவாக்கும்போது லொக்கேல் என்று ஒன்றைக் கேட்குமாம். எந்த மொழிக்காரரின் வழக்கப்படி எழுத்தை எழுத்தென்று எண்ணுவது, எதற்குப் பின்னால் எதை அடுக்குவது என்ற தெரிவு அது. அதில் ‘சீ’ என்று ஆங்கில எழுத்தொன்றின் பெயரில் ஒரு தெரிவு உண்டு. எந்த நாட்டு வழக்கமும் அதற்கு இல்லை, ஓட்டம் வேகம், ஆனால் ஆங்கில எழுத்தைத் தவிர மற்றொன்றையும் எழுத்தென்று மதிக்காது. வைத்திருக்கும், காட்டும், எழுத்து என்று மட்டும் ஏற்காது. பழைய கணினியில் வேறு தெரிவு இருந்தது. புதியதில் அஸீமா வேகத்துக்காகச் ‘சீ’யைப் போட்டுவிட்டாள். பெண்களின் பெயரெல்லாம் கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில் இருந்ததால், அந்தத் தேடல்கள் குறையில்லாமல் நடந்தன. எபிரேயம் ஒன்றுதான் ஊமையாகிவிட்டது.

எனக்கு ஆலை ஞாபகம் வந்தது. “நாட்டரிசிக்குப் போட்ட சல்லடைய மாத்தாம பொடிச் சம்பாவ விட்டா, நல்ல அரிசியும் தவிட்டோட போகும். மூட்டையில குறையில்ல, சல்லடையிலதான்” என்றேன்.

“ஓம் முதலாளி. சல்லடைய மாட்டினவள் நான்தானே.”

உருவாக்கிய பிறகு அந்தத் தெரிவை மாற்ற முடியாதாம். சரியான லொக்கேலோடு இன்னொரு தரவுத்தளம் உருவாக்கி, இதிலிருப்பதையெல்லாம் அதற்குள் ஊற்ற வேண்டும். அவள் அதைச் செய்யத் தொடங்கினாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன், ஒன்றும் விளங்காவிட்டாலும்.

“ஒண்டு கேக்கட்டா புள்ள? நீ எதையும் ரெண்டு தரம் பாக்கிற ஆள். புதுசில போட்டாப்பிறகு எபிரேயத்தையும் தேடிப் பாத்திருப்பியே?”

அவளுடைய விரல்கள் நின்றன.

“பாக்கல்ல.”

“மறந்துட்டியா?”

“மறக்கல்ல. இங்கிலீசத் தேடிப் பாத்தன். எபிரேயம் திரையில வருதா எண்டு மட்டும் பாத்தன். வந்துது. மறுகா மூடிட்டன். தேடிப் பாக்கிறண்டா பழைய கடிதத்த ஒவ்வொண்டா எடுத்து ஒட்டணும், வாசிக்கணும். அண்டைக்கு வீட்டில டீவியப் பாத்துட்டு உம்மா சோறு தின்னாம இருந்தவ. எனக்கு அந்த எழுத்தப் பாக்க ஏலாமப் போச்சு.” பிறகு சொன்னாள்: “நான் பாக்காம விட்டது அவங்கள எண்டு நினைச்சன். பாக்காம விட்டது தன்னாமுனைப் புள்ளைய. உம்மாவ இல்லையெண்டு சொன்ன அந்த மனுசன் இருக்கானே முதலாளி, அவன்ட கதிரையில நான்தான் இப்ப இரிக்கன்.”

அப்போதுதான் அவள் முன்பு வந்து கேட்டதும், நான் சிரித்ததும் எனக்கு ஞாபகம் வந்தன. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன், வாதாட்டத்தில் என்னை வெல்ல ஆளில்லை. அவள் சொல்லாமல் விட்டதால் எனக்குப் பேச இடமில்லாமல் போனது.

புதிய தரவுத்தளம் எழும்பியது. கிழவியைப் பற்றி வந்த மின்னஞ்சலை ஒட்டினாள். சுலக்ஷனாவின் முகம் திரையில் வந்தது. அஸீமா சந்தோசப்படவில்லை. கணினி மாற்றிய நாளிலிருந்து ‘இல்லை’ என்று எழுதிய கடிதங்களையெல்லாம் திரும்ப ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தாள். வேறு சில பிள்ளைகளும் அகப்பட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் போன் எடுத்தாள். அவர்கள் தாங்களாகவே அந்த நிறுவனத்தோடு சண்டை பிடித்து வீடு எடுத்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், “லாத்தா, உங்கட கந்தோர நம்பியிருந்தா நான் கட்டுநாயக்கா எயார்போட்டில வந்து இறங்கியிருப்பன்” என்று ஏசினாளாம். சத்தம் போடத் தெரியாத பிள்ளை சுலக்ஷனாதான் நடுவில் நின்றாள்.

அவளுக்கும் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லவும் வாய் கூசுகிறது. முதலில் பேசியிருந்த வீடு, அவளுடைய கூட்டாளிப் பெண்கள் இருக்கும் வடக்கு நகரத்தில், மாதா கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. இப்போது கிடைத்தது தெற்கே பாலைவனப் பக்கம். படுக்கையில் கிடக்கும் பெரிய உடம்புக்காரக் கிழவர். பக்கத்தில் தமிழ் பேச ஒருவருமில்லை. ஊருக்குத் திரும்புவதா அங்கே போவதா என்ற நிலையில், அவள் அங்கே போனாள்.

செபஸ்தியம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அஸீமா புறப்பட்டாள்.

“என்னத்துக்கு?” என்றேன். “வேலைதான் கிடைச்சிட்டே. கணினி மாத்தினதில ஒரு பழுது வந்துது எண்டு நான் போன்ல சொல்லிப்போடுறன். அது பொய்யுமில்ல.”

“பொய்யில்ல முதலாளி. ஆனா அது கணினிட கத. என்ட கத அதில இல்லையே.”

நானும் கூடப் போனேன். தன்னாமுனையில் வாவிப் பக்கமாக உள்ள வீடு. செபஸ்தியம்மா முற்றத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி வைத்தார். அஸீமா குடிக்கவில்லை. லொக்கேலையும் எழுத்தையும் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“உம்மா, உங்கட மகள்ற பேர் எங்கட்ட இருந்துது. நான் பாத்திருந்தா கிடைச்சிருக்கும். அந்த நாட்டு எழுத்தில எனக்கு மனசில்லாம இருந்துது. அதால பாக்காம விட்டுட்டன். அதாலதான் அந்த வீடு போனது.”

செபஸ்தியம்மா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையில் பழைய கணக்குகள் பல உண்டு. அதில் எது இப்போது வெளியே வரும் என்று எனக்குள் பயம்.

“மனசில்லாமப் போனது எனக்கு விளங்கும்” என்றார் செபஸ்தியம்மா மெதுவாக. “அங்க குண்டு விழுகிறத நானும் பாக்கிறன். என்ட புள்ள அந்தப் பக்கமா இந்தப் பக்கமா எண்டு குண்டுக்குத் தெரியுமா? ஆனா புள்ள, அவள் அங்க எழுத்துக்குப் போகல்ல. அவள் எங்களுக்காகப் போனவள்.”

அஸீமா தலை குனிந்தாள்.

“மன்னிச்சன் எண்டு என்ட வாயால சொல்ல ஏலா. கஷ்டப்படுறவள் அவள். அவளிட்டச் சொல்லு.” தன் போனிலேயே மகளை அழைத்து அஸீமாவின் கையில் கொடுத்தார்.

அஸீமா திரும்பவும் சொன்னாள், அதே சொற்கள், ஒன்றும் குறைக்காமல். மற்றப் பக்கம் சுலக்ஷனாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“கோவம் இல்லையெண்டு சொன்னா பொய் அக்கா. இந்தக் கிழவரத் தூக்கிக் கிடத்தக்குள்ள இடுப்பு விட்டுப் போகுது. அங்க போயிருந்தா ஞாயித்துக்கிழமையாவது நாலு பேரோட கதைச்சிருப்பன்.” தொடர்ந்தும் சொன்னாள்: “நான் நினைச்சன், எங்கட கந்தோர்ல என்னத் தெரியாதெண்டே சொல்லிட்டாங்க, ஊரில என்ன மறந்துட்டாங்க எண்டு. அதுதான் அக்கா கூட வலிச்சுது.”

“மறக்கல்ல” என்றாள் அஸீமா.

“வடக்கில வீடு வந்தா எனக்குச் சொல்லுவீங்களா?”

“ஒவ்வொரு கடிதமா வாசிச்சுச் சொல்றன்.”

போனுக்கு அந்தப் பக்கம் கிழவர் எதையோ கேட்டுக் கத்தினார். சுலக்ஷனா, “வாறன், வாறன்” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனை வைத்தாள்.

செபஸ்தியம்மா என்னைப் பார்த்தார். அஸீமா இந்த வேலை வேண்டாமென்று கேட்டதையும், நான் பகிடியாக எடுத்ததையும் எப்படியோ சொல்லி முடித்தேன். “பிழையில எனக்கும் பங்கிரிக்கி தங்கச்சி” என்றேன்.

“இரிக்கும்தான் அண்ணன்” என்றார் அவர். அதைச் சிரித்தும் சொல்லவில்லை, கோபித்தும் சொல்லவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, வேறு ஊற்ற உள்ளே போனார்.

வரும்போது, அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று அஸீமாவிடம் கேட்டேன். இந்தமுறை சிரிக்காமல் கேட்டேன். வடக்கில் ஒரு வீடு வரும்வரைக்கும் தானே பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு கொடுக்கும்படியும் சொன்னாள். இன்னும் வரவில்லை. காலையில் கந்தோருக்கு வந்ததும் அவள் முதலில் திறப்பது அந்தக் கடிதங்களைத்தான். கணினி தேடிக் காட்டிய பிறகும், ஒவ்வொரு பெயரையும் தன் வாயால் எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசிக்கிறாள். நான் அதை ஒருவரிடமும் போய்ப் பெருமையாகச் சொல்வதில்லை.